வாளி வைத்த குற்றம்

ஆன்டிசிபேட் என்ற ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆங்கில இலக்கியம் படித்தேன். அவ்வளவு படித்ததில் பிழைப்புக்கு உதவியது இந்த ஒரு சொல்தான். மிச்சமெல்லாம் அலமாரியில் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். கடை எரிந்தால், சுவர் விழுந்தால், வண்டி கவிழ்ந்தால் நாங்கள் பணம் தருவோம். வாசல் பலகையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பலகையைத் தாண்டி உள்ளே வந்தால் ஒரு சின்ன நிபந்தனை: நடந்தது, எதிர்பார்க்காததாக இருக்க வேண்டும். எதிர்பார்த்து நடந்ததற்குப் பணம் கிடையாது. பணம் கேட்பவர் எதிர்பார்த்தாரா இல்லையா என்று தோண்டிப் பார்க்க ஐந்தாவது மாடியில் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். பெயர் எதிர்நோக்குப் பிரிவு. அங்கேதான் என் நாற்காலி.

பணம் கேட்டு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கோப்புக்கு ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாது. நடுவில் நான். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் முன்னாலேயே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லி, கணினியில் அடிக்க வேண்டும். வாக்கியத்தில் எந்த வினைச்சொல் விழுகிறதோ அதுதான் தீர்ப்பு. 'பயந்தார்' என்று விழுந்தால் பணம் முழுசாக வரும். 'எக்ஸ்பெக்ட்' என்று விழுந்தால் பாதி. 'ஆன்டிசிபேட்' என்று விழுந்துவிட்டால் படியிறங்க வேண்டியதுதான். ஆமாம், படிதான். லிஃப்ட் நம்பிக்கையோடு மேலே வருகிறவர்களுக்கு மட்டும்.

எங்கள் பிரிவுத் தலைவரை, அவர் அறையில் இல்லாதபோது, ஆருடம் என்று கூப்பிடுவோம். நான் சேர்ந்த அன்று என்னையும் என்னோடு சேர்ந்தவர்களையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

"எக்ஸ்பெக்ட்னா என்ன? வரும் வரும்னு சும்மா உக்காந்து பாக்கறது. ஒருத்தன் வானத்தைப் பாக்கறான், மழை வரும்னு நினைக்கறான். அது எக்ஸ்பெக்ட். குடையைக் கையில எடுத்துட்டான்னு வைங்க, அது ஆன்டிசிபேட். இதுல வெறும் நினைப்பு இல்ல, காரியம் இருக்கு. மனசுல இருக்கறதை நம்மால நிரூபிக்க முடியாது. குடையை நிரூபிக்கலாம். அதனால குடையைத் தேடுங்க."

"குடை எடுத்தும் நனைஞ்சிட்டா சார்?" என்று கேட்டேன். அப்போதெல்லாம் கேள்வி கேட்பேன்.

"நனைவோம்னு தெரிஞ்சுதானேம்மா எடுத்தான்? தெரிஞ்சு நனைஞ்சவனுக்கு நாம ஏன் துண்டு குடுக்கணும்?"

"குடையே எடுக்காம நனைஞ்சா?"

"அது அஜாக்கிரதை. அதுக்கு நாலாவது மாடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேலை கிடைத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

குடையைத் தேடுவது ஒன்றும் கஷ்டமில்லை என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். ஒரு துணிக்கடைக்காரர் தீயணைக்கும் சிலிண்டர் வாங்கி மாட்டியிருந்தார். கடை எரிந்துபோய் வந்து நின்றார். சிலிண்டர்தான் குடை. ஒரு லாரிக்காரர் ஸ்டெப்னி வைத்திருந்தார். "டயர் வெடிக்கும்னு நினைக்காதவர் எதுக்குய்யா உபரியா ஒரு சக்கரத்தைச் சுமந்துட்டுத் திரியறார்?" என்று கேட்டார் ஆருடம். லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அப்புறம் அந்தப் பெண். புருஷன் சைக்கிளில் போகும்போது வண்டி மோதி இறந்துவிட்டார். அவள் கையில் அவருடைய செருப்பு ஒன்று இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "கிளம்பும்போதுகூட, பார்த்துப் போங்கன்னு சொன்னேங்க" என்று அழுதாள். ஆருடம் பேனாவை உயர்த்தினார். பேனா உயர்ந்தால் அந்த வாக்கியத்தை அடி என்று அர்த்தம்.

"சார், அது எல்லாரும் சொல்றதுதானே?" என்றேன்.

"எல்லாரும் எதிர்பாக்கறாங்கன்னு அர்த்தம். அடிங்க."

அடித்தேன். வாய்மொழி ஆன்டிசிபேட் என்று அதற்குப் புதிதாக ஒரு தலைப்பே திறந்தார்கள். அன்று மதியம் நான் சாப்பிட்டேன். பசித்துச் சாப்பிட்டேன்.

எல்லோரையும் விரட்டுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பிரிவில் எல்லாத் தகுதியும் உள்ளவர் என்று ஒருவரைக் கண்டுபிடித்து முழுப் பணமும் கொடுத்திருக்கிறோம். அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்த நேரத்தில் அவருடைய காரின் மேல் மரம் விழுந்தது. அந்த நேரத்தில் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று மருத்துவரே எழுதிக் கொடுத்தார். அவருடைய படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "இப்படி இருக்கணும் வாடிக்கையாளர்" என்பார் ஆருடம்.

சொன்னபடி நடக்கிற நிறுவனம் எங்களுடையது. ஐந்தாவது மாடிக் கழிப்பறையில் குழாய் சொட்டும். கீழே வாளி வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. வைத்தால், நிறுவனமே எதிர்பார்த்ததாகிவிடுமாம். தண்ணீர் நடைபாதை வரைக்கும் வரும். வழுக்கிவிடுமோ என்ற எண்ணமே இல்லாத முகத்தோடு அதில் நடக்க நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம்.

இனி மாமா.

அம்மாவின் அண்ணன். கடைத்தெரு முனையில் சலவைக் கடை வைத்திருக்கிறார். வாடகைக் கட்டடம், தண்ணீரும் சோப்பு வாசனையுமாக ஒரு நீள அறை, சுவரோரம் வரிசையாக வாஷிங் மெஷின்கள். அம்மா அந்தக் கடையில்தான் துணி மடிக்கிறாள். அவள் மடித்த துணியில்தான் என் படிப்பு முடிந்தது. சுருக்கமாகச் சொன்னால், அந்த மெஷின்கள் நின்றால் எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் நிற்கும்.

அவரை நான்தான் பாலிசி எடுக்க வைத்தேன். ஊழியர்கள் ஆளுக்கு இத்தனை பாலிசி பிடித்துத் தர வேண்டும் என்று உத்தரவு. பிடிப்பதற்குச் சொந்தக்காரர்களைவிடத் தோதான ஆட்கள் உண்டா?

"எதுக்குப் பாப்பா இது?" என்றார்.

"நாளைக்கு ஏதாச்சும் ஆனா மாமா?"

"என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதுங்கற, ஆச்சுன்னாங்கற. சரி, உனக்கு ஏதோ டார்கெட்டுன்னு உங்கம்மா சொன்னா. எங்க கையெழுத்து, காட்டு."

அந்த மழைக்காலத்தில் கடையின் பின்பாதிக் கூரை இடிந்து மெஷின்கள் மேல் விழுந்தது. மாமா டீ குடிக்கப் போயிருந்தார். அம்மா வீடுகளுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தாள். ஆள் தப்பியது. மெஷின்கள் தப்பவில்லை, ஓரத்தில் இருந்த பழையது ஒன்றைத் தவிர.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கவலையே இல்லை. "உங்க ஆபீஸ்தானே" என்றாள்.

சொந்தக்காரர் வழக்கு என்றால் முன்னமே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒதுங்கினால் கோப்பு பக்கத்து நாற்காலி அக்காவிடம் போகும். அவர் யாராவது தும்மினால்கூட ஆன்டிசிபேட் என்று அடிக்கிறவர். நானே உட்கார்ந்தால் 'பயந்தார்' என்று போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதனால் சொல்லவில்லை. இதைச் சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

முந்தின நாள் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. மேடம்னு கூப்பிடணும்."

"கூப்பிட்டுட்டாப் போச்சு. மேடம், ஒரு வாய் தண்ணி குடுங்க மேடம்."

"விளையாடாதீங்க மாமா. கூரை ஒழுகினப்ப கீழ வாளி வெச்சிருந்தீங்கல்ல, அதைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"ஏன்? திருட்டு வாளியா அது? என் வாளி."

"தார்ப்பாய் கட்டினதையும் சொல்லாதீங்க. முன்பாதிக்கு முட்டுக் குடுத்திருக்கீங்கல்ல, அதையும் சொல்லாதீங்க."

மாமா குழம்பிப்போனார். "அதைச் சொல்லலைன்னா என்னைப் பத்தி என்ன பாப்பா நினைப்பாங்க? ஒழுகறது தெரிஞ்சும் காலை நீட்டிப் படுத்திருந்த சோம்பேறின்னு நினைக்க மாட்டாங்களா?"

"நினைக்கட்டும்."

"அதெப்படி நினைக்கட்டும்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "எங்கண்ணனைச் சோம்பேறின்னு சொல்றதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?"

மறுநாள் மாமா வெளுத்த சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். விசாரணை அறையில் ஒரு மேசை, இந்தப் பக்கம் ஆருடமும் நானும், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி மட்டும் உயரம் குறைவு. மாமா உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொன்னார்: "வணக்கங்க. இந்த மேடத்தை நான் இப்பதான் முதல் தடவையாப் பாக்கறேன்."

"நான் கேக்கவே இல்லையே" என்றார் ஆருடம்.

"கேட்டுட்டீங்கன்னா?"

ஆருடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். மேசையில் அவர் முன்னால், பேப்பர் வெயிட்டுக்குக் கீழே, என்னை வேலையில் நிரந்தரம் ஆக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு மாமாவிடம் தேன் ஒழுகப் பேசினார்.

"உங்களைப் பாத்தாலே தெரியுது, ரொம்பப் பொறுப்பான மனுஷன். கடையைக் கண்ணு மாதிரி வெச்சிருந்திருப்பீங்க."

மாமாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் மேசைக்குக் கீழே காலை நீட்டி அவர் காலை மிதித்தேன். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "மன்னிக்கணும் மேடம்" என்றார்.

"பின்ன என்னங்க?" என்று ஆருடத்தின் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி ஒரு கூரையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஒழுகின அன்னைக்கே வாளி வெச்சேன். சாயங்காலம் கடையை மூடும்போது மெஷின் மேல எல்லாம் தார்ப்பாய் போட்டேன். கட்டடத்துச் சொந்தக்காரர்கிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. சரின்னு என் கைக்காசைப் போட்டு முட்டுக் குடுத்தேன். முன்பாதிக்குத்தான் மரம் பத்துச்சு. வந்து பாருங்க, முட்டுக் குடுத்த பக்கம் இன்னும் கம்பீரமா நிக்குது!"

ஆருடம் பேனாவை உயர்த்தினார்.

"மேடம், கோப்புக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒருவர் பேசப்போவது அவருடைய ஆயுசில் அதுதான் முதல் தடவை. கைகளை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்காருவது போல உட்கார்ந்தார்.

'பயந்தார்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற சொல். என் வாய் வரைக்கும் வந்தது. ஆருடத்தின் பேனா உத்தரவின் மேல் ஒரு தடவை தட்டியது, தற்செயலாகத் தட்டுவது போல.

ஆன்டிசிபேட்டெட் என்றேன். கல்லூரியில் உச்சரிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான். ஓர் அசைகூடப் பிசகவில்லை.

நடைபாதையில் மாமா என் பின்னாலேயே வந்தார். யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, என்னைப் பத்தி ஏதோ பெருசா ஒரு வார்த்தை சொன்னியே, அது என்ன?"

"முன்யோசனை உள்ளவர்னு."

இது பொய்யில்லை. அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

"அடேயப்பா" என்றார். "அது ஒரே வார்த்தையா?" ஈரத் தரையில் வழுக்கப்போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். லிஃப்டில் இறங்க விடவில்லை, படியில் இறங்கினார். இறங்கும்போதே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவது மேலே வரைக்கும் கேட்டது.

அந்த வாரம் பூராவும் கடைத்தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் நம்பவில்லையாம். "எங்க மருமக கோப்புலயே ஏத்திட்டா, போய்ப் பாத்துக்கோ" என்றாராம். அம்மா இதை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

பணம் கிடையாது என்ற பதில் போன அன்றுதான் எங்கள் கூடத்தில் பெரிய கூட்டம். இயக்குநர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆருடம் மேடையேறி, தன் வாழ்நாள் ஆராய்ச்சியின் முடிவை அறிவித்தார்.

"இத்தனை நாளா நாம வாடிக்கையாளர் வீட்ல குடையைத் தேடினோம். வாளியைத் தேடினோம். சமீபத்துல ஒரு சலவைக் கடை வழக்கு. அந்தக் கோப்பைப் படிக்கறப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. நாம தேடின குடை நம்ம கையிலயே இருக்கு! பாலிசி! நாளைக்கு ஏதாச்சும் ஆகும்னு நினைக்காதவன் எதுக்குப் பாலிசி எடுக்கறான்? எடுத்தான்னாலே ஆன்டிசிபேட். இனிமே யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்ல. எல்லாருக்கும் ஒரே வாக்கியம். அச்சடிச்சாச்சு."

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. மயக்கத்தில் இருந்தவரின் படத்தைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அவரும் பாலிசி எடுத்தவர்தானே.

"விசாரணையே இல்லைன்னா எங்க வேலை என்ன சார் ஆகும்?" என்று கேட்டார் பக்கத்து நாற்காலி அக்கா.

"யாரும் கவலைப்பட வேண்டாம்" என்றார் ஆருடம். "கவலைப்பட்டாலும் பரவாயில்ல. ஆனா வேற வேலை தேட ஆரம்பிச்சீங்கன்னா அது ஆன்டிசிபேட். அப்புறம் நிறுவனம் பொறுப்பில்ல."

கூட்டம் முடிந்ததும் என் கையில் உத்தரவைக் கொடுத்தார். நிரந்தரம். "உங்க சலவைக் கடை வாக்கியம்தான் அச்சடிச்சிருக்கோம். உங்க சொந்த வாக்கியம்" என்று என் கையைக் குலுக்கினார். அவர் உள்ளங்கையின் ஈரம், உதறியும் போகவில்லை.

விடுமுறை அன்று கடைக்குப் போனேன். பின்பாதி வானத்துக்குத் திறந்து கிடந்தது. முன்பாதியில், தப்பிய ஒரே மெஷின் பக்கத்தில், மாமா சட்டை மடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே கூரையில் விரிசல் கையகலத்துக்கு ஓடியது. ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பிறகுதான் உறைத்தது.

"முட்டு எங்க மாமா?"

"எடுத்துட்டேன்."

"என்னது?"

"பதில் வந்துச்சு பாப்பா. சாவிக்கடைக்காரர் பையன் படிச்சுச் சொன்னான். நீ எவ்வளவு பாடுபட்டிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லச் சொல்லக் கேக்காம நான்தான் வாளி, முட்டுன்னு உளறிட்டேன். பரவாயில்ல. அடுத்த வருஷப் பாலிசிக்கும் பணம் கட்டிட்டேன், உனக்கு டார்கெட் இருக்குமே. இந்தத் தடவை சுத்தம். வாளி இல்ல, முட்டு இல்ல, தலையைத் தூக்கி மேல பாக்கறதுகூட இல்ல. உங்க சார் கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னு பொய் சொல்லாமலே சொல்லலாம்."

"விழுந்தா உங்க மேல விழும் மாமா!"

"விழும்னு நீ ஏன் நினைக்கறே? நினைக்கக் கூடாதுங்கறதுதானே உங்க ஆபீஸ் சட்டமே?"

மேலேயிருந்து ஒரு துளி சட்டைக் காலரில் விழுந்தது. அவர் அதைப் பார்க்காமல் துடைத்தார்.

"பாலிசி எடுத்தாலே பணம் இல்லைன்னு சொல்லிட்டாங்க மாமா."

"அப்ப யாருக்குத்தான் குடுப்பாங்க?"

"எடுக்காதவங்களுக்கு."

"எடுக்காதவன் வந்து கேக்க மாட்டானே."

"அதான் மாமா."

அவர் சிரித்தார். நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது அவருக்கு. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன்.

"அந்த வார்த்தையை நான்தான் போட்டேன். வேற வார்த்தை இருந்துச்சு. 'பயந்தார்'னு போட்டிருந்தாப் பணம் வந்திருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். என் வேலை போயிடும்னு போட்டேன்."

மாமா சட்டைக் கையை மடித்தார், காலரை மடித்தார், பொத்தானை நேராக்கினார். அந்தச் சட்டையை இனிமேல் மடிக்க ஒன்றும் இல்லை. மறுபடி உதறி முதலிலிருந்து மடித்தார்.

"நான் பயந்தேன்தானே பாப்பா" என்றார். "பயப்படாதவன் வாளி வைப்பானா? நான் அதைச் சொல்லலையா அங்க?"

"சொன்னீங்க."

"அப்ப உனக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சு."

"ஆமா."

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சட்டையை அடுக்கில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். இடிபாடுகளுக்கு நடுவில் படுக்க வைத்திருந்த மரத்தின் ஒரு முனையைத் தூக்கினார். தனியாகத் தூக்க முடியவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. நானே போய் மறுமுனையைப் பிடித்தேன்.

நிமிர்த்தினோம். விரிசலுக்குக் கீழே நிறுத்தி அவர் சுத்தியலால் ஆப்பை அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து என் தலையிலும், கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையிலும் விழுந்தது. விடுமுறை நாளிலும் அதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"நல்லா இறுக்கிப் பிடி" என்றார், என்னைப் பார்க்காமல். "இதைப் போய் இங்கிலீஷ்ல சொல்லிடாதே."